கூட்டினால் நிற்கிறது

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கேள்வி கேட்கத்தான் தெரிகிறது, பதிலைக் காதில் வாங்கத் தெரியவில்லை. கேட்கும்போதே கண் செல்போனில் மேயும். நாம் பாதி சொல்வதற்குள் 'புரியுது, புரியுது' என்று தலையை ஆட்டுவார்கள். பிறகு தங்களுக்குப் புரிந்ததை நம் வாயில் திணித்து வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். டாக்டரும் அப்படி, பேங்க்காரனும் அப்படி, குழாய் அடைப்பு எடுக்க வருகிறவனும் அப்படி.

பெரியவருக்கு இதில் சந்தேகமே கிடையாது. முப்பத்தோரு வருஷம் லாரி எடை போடும் மேடையில் உட்கார்ந்தவர். மணலுக்கு அடியில் கல்லை மறைத்துக்கொண்டு வருகிறவன், பின்சக்கரத்தை அரை அடி வெளியே நிறுத்திவிட்டு 'ஏத்திட்டேன்' என்று சத்தியம் செய்கிறவன் எல்லாரையும் பார்த்தாயிற்று. படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் ஒருவன் தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லும்போது அவன் கால் தானாகப் பக்கவாட்டில் நகரும் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று காலை பத்தேகாலுக்குக் கார் ஏசி மெக்கானிக்கின் கால் நகர்ந்தது.

"கம்ப்ரஸர்தான் பெரியவரே. இறக்கிப் பார்த்துடலாம்."

"இறக்கினா எப்ப ஏத்துவ?"

"சாயங்காலம் ஆயிடும்."

"சாயங்காலமா!" பெரியவர் காரின் கூரையை உள்ளங்கையால் அறைந்தார். "நாலு மணிக்கு நாங்க ஆஸ்பத்திரியில இருக்கணும்னு சொன்னேனே, அது காதுல விழுந்துச்சா, இல்ல அதுக்கும் தலைய மட்டும் ஆட்டினியா?"

விழாமல் என்ன. வந்ததிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார். காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாளைக்கு ஆபரேஷனுக்கு இருந்த ஒருவர் வரவில்லை, அந்த இடம் காலியாக இருக்கிறது, இன்று நாலு மணிக்குள் வந்து சேர்ந்தால் உங்கள் மகளுக்கு, இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்கு. கை ஆபரேஷன் செய்யும் அந்த டாக்டர் வருஷத்துக்கு இரண்டு முறைதான் அங்கே வருகிறார். ஆஸ்பத்திரிக்குக் காரில் மூன்று மணி நேரம். பன்னிரண்டே முக்காலுக்குள் கிளம்பியாக வேண்டும்.

மகள் பட்டறையின் உள்பக்கம், மேஜை ஃபேனுக்கு நேராக, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தி நாலு வயது. தோள் மேல் ஈரத்துண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த சலவை ஆலையில் நீராவிக் குழாய் வெடித்து முதுகும் கழுத்தும் இரண்டு கைகளும் வெந்துபோயின. தோல் ஒட்டி உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஒட்டின தோலுக்கு வேர்க்கத் தெரியாது. வேர்க்காத உடம்பு சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். வெயிலில் அரை மணி நேரம் இருந்தால் காது சிவக்கும், நாக்கு குழறும், அப்புறம் ஆளே சாய்ந்துவிடுவாள். வலது கையில் இரண்டு விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை விரிக்கத்தான் இந்த ஆபரேஷன். இந்த வருஷம் தாண்டினால் மூட்டே இறுகிவிடும், அப்புறம் தன்னாலும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அப்பா, அண்ணன அடிச்சிடாதீங்க," என்றாள் அவள். "அவர் கையும் போச்சுன்னா ரெண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரிதான்."

மெக்கானிக் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை, ஆனால் மனசு கொஞ்சம் இறங்கியது. மகள் கிண்டல் பேசுகிறவரை பயமில்லை. சூடு ஏற ஏற அவளிடம் முதலில் நிற்பது கிண்டல்தான். இது எந்தத் தெர்மாமீட்டருக்கும் தெரியாத கணக்கு.

வாடகைக் காரைப் பற்றி யோசிக்காமல் இல்லை. ஒருமுறை அப்படிப் போனபோது டிரைவர் மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்று ஏசியை அணைத்துவிட்டு, கேட்டதற்கு 'போட்டுத்தான் இருக்கு' என்று சாதித்தான். அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குள் ஓட வேண்டியிருந்தது. அதோடு அடுத்தவன் கையில் இருக்கும் ஏசியைப் பெரியவர் நம்புவதில்லை. தன்னுடைய இருபத்திரண்டு வருஷத்துக் கார்தான்.

அந்தக் காரிலோ சனியன் வேறு வடிவத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. கம்பெனி கொடுத்த பழைய ஏசித் திருகு போன பிறகு, அதே சாமான் இனிமேல் வராது என்று சொல்லி ஒரு கார் அலங்காரக் கடைக்காரன் புதிதாக ஒரு கன்ட்ரோல் மாட்டினான். கறுப்புப் பலகை, சிவப்பு எழுத்தில் எண், மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு. பார்க்க ராக்கெட் விடுவது போல இருக்கும். ஓட்டினால், அரை மணி நேரம் முக்கால் மணி நேரம் ஜில்லென்று வீசிவிட்டு, காற்று மெலிந்து மெலிந்து நின்றே போகும். சரி, காட்டலாம் என்று பட்டறைக்குக் கொண்டுவந்தால் வாசலில் ஏறும்போதே நல்ல பிள்ளையாக வீசத் தொடங்கும். மாட்டினவனைப் பிடிக்கலாம் என்று போனால் அந்தக் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

அதனால்தான் இந்த மெக்கானிக். அவனுக்குப் பட்டறை வட்டாரத்தில் 'டிகிரி' என்று பேர். பட்டம் வாங்கிய டிகிரி இல்லை. வாயைத் திறந்தால் டிகிரியில்தான் பேசுவான். டீ ஆறிவிட்டால் 'நாப்பது டிகிரிக்குக் கீழ போயிடுச்சு' என்பான். மாமியார் வந்திருந்தால் 'வீட்ல இன்னிக்கு நூத்திரெண்டு' என்பான்.

முதல் தடவை பெரியவர் அவனைப் போனில் பிடித்தபோது அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"கூட்டினா நிக்குதா, குறைச்சா நிக்குதா?"

"கூட்டினாத்தான் நிக்குது."

"அப்ப கன்ட்ரோல் நல்லாத்தான் இருக்கு. கூட்டினா நிக்கத்தானே செய்யும்? நீங்க குறைச்சே வச்சு ஓட்டுங்க."

கூட்டினால் நிற்பது நல்ல சாமானா? மிதித்தால் நிற்கிற வண்டியை எவனாவது நல்ல வண்டி என்பானா? பெரியவருக்கு எரிச்சல்தான். ஆனாலும் சொன்னபடியே குறைத்து வைத்துக்கொண்டுதான் போன முறை ஆபரேஷன் தேதிக்குக் கிளம்பினார். கார் அடுப்பாகிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் மகள் 'தண்ணி' என்பதைக்கூடச் சொல்ல முடியாமல் நாக்கை உருட்டினாள். பாதி வழியில் திரும்ப வேண்டியதாயிற்று. தேதி போயிற்று.

திரும்பி வந்து, "குறைச்சா குளிரவே இல்லய்யா!" என்று கத்தினார். "குறைச்சுமா குளிரல? அப்ப கேஸ் போயிருக்கும்," என்று டிகிரி கேஸ் நிரப்பினான். இன்றைக்குக் கேஸும் சரியாக இருக்கிறதாம். "குறைச்சும் குளிரல, கேஸும் இருக்கு. அப்ப மிச்சம் இருக்கறது கம்ப்ரஸர்தானே?" என்கிறான்.

"நல்லா இருக்கற சாமானையெல்லாம் வரிசையா ஒவ்வொண்ணா கழட்டு. கடைசியில என் பல்லையும் கழட்டிப் பாரு," என்றார் பெரியவர். "கம்ப்ரஸர்தான்னு என் கண்ணு முன்னால காட்டு. அப்புறம் தொடு."

டிகிரிக்கும் ரோஷம் வந்துவிட்டது. "காட்டுறேன். ஸ்டார்ட் பண்ணிட்டு உள்ள உட்காருங்க. இருபத்திநாலுல வைங்க. உள்ள கொஞ்சம் குளிரட்டும். நான் சொல்றப்ப கூட்டுங்க. நான் இங்க நின்னு கம்ப்ரஸர் கட்டாகுதான்னு பார்க்கறேன். அது நல்லா இருந்தா டக்குன்னு ஒரு சத்தம் வந்து நிக்கும்."

பத்து நிமிஷம் ஓடியது. பத்து நிமிஷமும் பெரியவர் கண்ணாடியில் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை எடுத்துப் பிளாஸ்டிக் டிரம்மில் முக்கி மறுபடி போட்டுக்கொண்டாள். பட்டறை வாசலில் வெயில் சிமெண்டைக் கண் கூசும்படி வெளுக்க வைத்திருந்தது.

"இப்ப கூட்டுங்க!" பானெட்டுக்குப் பின்னாலிருந்து குரல்.

பெரியவர் அம்பை அழுத்தினார்.

"கூட்டுங்கன்னேன்!"

"கூட்டிட்டுத்தான்யா இருக்கேன்!"

"இன்னும் கூட்டுங்க! கட்டாகவே மாட்டேங்குது. சொன்னேன்ல, கம்ப்ரஸர் கிளட்ச் ஒட்டிக்கிச்சு!"

"இதுக்கு மேல கூட்ட முடியாது. கடைசிக்கு வந்துடுச்சு!"

"எவ்வளவு காட்டுது?"

"பதினாறு."

பானெட்டின் ஓரத்தில் டிகிரியின் தலை மட்டும் மெதுவாக எட்டிப் பார்த்தது.

"பதினாறா? இருபத்திநாலுல இருந்ததைக் கூட்டினா எப்படி பதினாறு வரும்? முப்பதுல்ல வரணும்?"

"முப்பது வச்சா குளிரு எங்க கூடும்? குளிரு குறையும்ல?"

"நான் குளிரைச் சொல்லல பெரியவரே. டிகிரியைக் கூட்டச் சொன்னேன்."

"ஏசியக் கூட்டுன்னா உலகத்துல எவனும் குளிரைக் கூட்டுன்னுதான் எடுத்துக்குவான்! நீ ஒருத்தன்தான்..."

மேஜை ஃபேன் பக்கமிருந்து சிரிப்பு வெடித்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ! இத்தனை நாளா இவர் ஏறச் சொன்னா நீங்க இறங்கியிருக்கீங்க. நீங்க இறங்கினேன்னா இவர் ஏறினீங்கன்னு எழுதிக்கிட்டிருக்கார். ரெண்டு பேரும் நல்லாப் பேசினீங்க போங்க!"

சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள்.

"அப்ப அன்னிக்கு," என்றாள். "அண்ணன் குறைச்சு வச்சு ஓட்டச் சொன்னது..."

அன்றைக்குக் காரை அடுப்பாக்கியது பெரியவரின் விரல்தான். 'குறைச்சாச்சு' என்று திருப்தியோடு மேல் அம்பை அழுத்தி முப்பதில் கொண்டுபோய் வைத்தது அவர்தான். மகளுக்குக் கண் சொருகியபோதும், 'மெக்கானிக் சொன்னான்ல, பொறுத்துக்கோ' என்று இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியதும் அவர்தான்.

"ஒழுங்கா கேட்கத் தெரியணும்," என்றார் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு. யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

டிகிரியின் முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று கதவைத் திறந்துகொண்டு பக்கத்து சீட்டில் முழங்காலை ஊன்றினான். இந்த முறை கேள்வி கேட்கும்போது அவன் செல்போன் பையில் இருந்தது.

"பெரியவரே, கூட்டு குறையெல்லாம் விடுங்க. எண்ணுல சொல்லுங்க. எந்த எண்ணு வச்சா நிக்குது?"

"பதினாறு. பதினேழு."

"நிக்கறது என்ன? காத்தே வரலையா, இல்ல காத்து வருது, சூடா வருதா?"

"காத்தே வராது. உள்ள மோட்டார் மட்டும் மூச்சு முட்டின மாதிரி கத்தும்."

"கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சா?"

"மறுபடி வரும்."

"அப்ப தண்ணி கொட்டுமா?"

இதற்கு மகள்தான் பதில் சொன்னாள். "குடத்தைக் கவுத்த மாதிரிண்ணே. ஒரு தடவை என் செருப்பே மிதந்துச்சு."

டிகிரி நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐஸ்! உள்ள இருக்கற கூலிங் காயில் முழுக்க ஐஸ் கட்டிக்குது. ஐஸ் அடைச்சுக்கிட்டா காத்து எந்த வழியா வரும்? இங்க வந்து சேர்றதுக்குள்ள கரைஞ்சுடுது, நான் பார்க்கறப்ப எல்லாம் சரியா இருக்கு. இதை முதல்லயே சொல்லியிருந்தா..."

"முதல்லயே கேட்டிருந்தா," என்றார் பெரியவர்.

மணி பதினொன்று பத்து.

டேஷ்போர்டின் பெட்டி மூடியைக் கழற்றி எறிந்தான் டிகிரி. டார்ச்சைப் பெரியவர் கையில் கொடுத்தான். இந்த மாதிரி கன்ட்ரோலில் இரண்டு சென்சார் உண்டாம். ஒன்று காருக்குள் இருக்கும் சூட்டைப் பார்த்து அந்த எண்ணைக் காப்பாற்றும். இன்னொன்று கூலிங் காயிலுக்குள் சொருகியிருக்க வேண்டும். காயில் உறையப் போகிற நேரத்தில் கம்ப்ரஸரைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு மறுபடி விடுவது அதன் வேலை. டிகிரி தலையை உள்ளே நுழைத்து, கழுத்தை முறுக்கி, ஒயர் கற்றையைத் தடவிக்கொண்டே போனான். ஒரு இடத்தில் நின்றான்.

"டார்ச்ச இந்தப் பக்கம். இன்னும் மேல. பாருங்க பெரியவரே, கண் குளிரப் பாருங்க."

மிளகு அளவில் ஒரு கறுப்புக் குமிழ். காயிலுக்குள் இருக்க வேண்டியது, ஒயர் கற்றையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. திருடன் வரும் வீட்டுக்குப் போட்ட காவல்காரனை அடுத்த தெருவில் கட்டிவைத்த மாதிரி.

"ஏன் இப்படி வச்சான்?"

டிகிரி நாடாவை வெட்டிக் குமிழைக் காயில் பக்கம் இழுத்தான். ஒரு சாண் குறைந்தது. "எட்டல. எட்டாததால கட்டிட்டுப் போயிட்டான். யாரு உள்ள பார்க்கப் போறாங்கன்னு."

பெரியவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒரு சாண் ஒயர். ஒரு சாண் ஒயர் வெட்டி ஒட்டச் சோம்பல்பட்டவனால் மகளுடைய விரல் இத்தனை மாதம் மடங்கிக் கிடக்கிறது. ஆனால் கோபப்பட நேரமில்லை. காயில் பெட்டியின் பக்க மூடியைத் திறக்க வேண்டும். நாலு ஸ்க்ரூவில் மூன்று வந்தது. நாலாவது துருப்பிடித்து, தலை தேய்ந்து, பூட்டுப் போட்ட மாதிரி உட்கார்ந்துகொண்டது.

பதினொன்றரை. பதினொன்று நாற்பது. டிகிரி எண்ணெய் விட்டான், தட்டினான், கெட்ட வார்த்தையை மகள் காதில் விழாமல் பாதியில் மென்று விழுங்கினான்.

"தங்கச்சி, ஒண்ணும் இல்லையே?" என்று உள்ளிருந்தே கத்தினான்.

பதில் வர ஒரு நொடி தாமதமானது. "ம்."

பெரியவர் டார்ச்சைச் சீட்டில் போட்டுவிட்டு ஓடினார். ஃபேன் அனலைத்தான் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. டிரம் தண்ணீரே வெந்நீர் மாதிரி ஆகிவிட்டிருந்தது. மகளின் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. முகம் காய்ந்து வறண்டிருந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"பாப்பா, ஏதாவது பேசு."

"என்ன பேசறது?"

"ஏதாவது. என்னைத் திட்டு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பெரியவர் பக்கத்து டீக்கடைக்குப் போய், கேட்காமல் கொள்ளாமல் குளிர்பானப் பெட்டியிலிருந்து இரண்டு கை ஐஸை அள்ளினார். கடைக்காரர் "யோவ்!" என்றார். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐஸைத் துண்டில் முடிந்து மகளின் கழுத்தில் வைத்தார். அவசரத்தில் ஒரு துண்டு அவள் சட்டைக்குள் விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். "திருட்டு ஐஸா?"

"ஆமா."

"அதான் ஜோரா இருக்கு."

காருக்குள் ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. ஸ்க்ரூவின் தலையையே வெட்டி எடுத்துவிட்டான் டிகிரி.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. ஒயரைச் சேர்க்க அவன் இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றப் போனான்.

"சால்டரிங் வை," என்றார் பெரியவர்.

"நேரம் இல்ல பெரியவரே. முறுக்கினாலே தாங்கும்."

"எட்டலன்னு கட்டிவச்சவனும் இதைத்தான் சொல்லியிருப்பான்."

டிகிரி சால்டரிங் கம்பியைச் சொருகிச் சூடாகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஈயம் உருகி ஒயரைக் கவ்வியது. பெரியவர் அதை வாங்கி இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். குமிழ், காயிலின் தகடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தது. மூடியைப் போட்டு, காரை ஸ்டார்ட் செய்து, பதினாறில் வைத்தார்கள். காற்று சீறியது. ஏழெட்டு நிமிஷத்தில் பானெட் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம்.

"கேட்டீங்களா?" டிகிரியின் முகம் மலர்ந்தது. "நின்னுடுச்சு!"

"நின்னுடுச்சா? நிக்குதுன்னுதானேய்யா உன்கிட்ட கொண்டுவந்தேன்! நிக்கற நோய்க்கு நிக்கறதே மருந்தா?"

"இது நிக்கணும் பெரியவரே. ஐஸ் கட்டறதுக்கு முன்னாடி நின்னு..." மறுபடி 'டக்'. "பாருங்க, ஓட ஆரம்பிச்சிடுச்சு. கம்ப்ரஸர் நின்னு நின்னு ஓடினாத்தான் காத்து நிக்காம வரும்."

பெரியவருக்கு இது அப்படியே காதில் பூ சுற்றுகிற வேலையாகத்தான் பட்டது. மணியைப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பது.

"முக்கால் மணி நேரம் ஓட்டிப் பார்க்கணும். முக்கால் மணி நேரம் கழிச்சுத்தான் இது புத்தியக் காட்டும்."

"ஓட்டிப் பார்த்துட்டுக் கிளம்பினா நாலரை ஆயிடும்," என்றான் டிகிரி. "என் பேச்சை நம்புங்க."

"உன் பேச்சை நம்பித்தான் போன தடவை..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

ஓட்டிப் பார்த்தால் விரல் போகும். பார்க்காமல் கிளம்பினால், பாதி வழியில் நிழல்கூட இல்லாத சாலையில் நின்றுபோனால், ஆளே போய்விடலாம். வாழ்நாள் முழுக்க ஒரு லாரியைக்கூட எடை போட்டுப் பார்க்காமல் விட்டதில்லை அவர். இப்போது எதை எடை போட்டுப் பார்ப்பது?

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மகள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, இடது கையால் பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏறிட்டேன். ஓட்டிப் பார்க்கறதை ஆஸ்பத்திரி வழியா ஓட்டிப் பாருங்க."

டிகிரி ஜன்னலுக்குக் குனிந்தான். "காத்து மெலியற மாதிரி இருந்தா வண்டிய ஓரம் கட்டி, ஏசிய அணைச்சு, ஃபேனை மட்டும் பத்து நிமிஷம் விடுங்க. ஐஸ் கரைஞ்சிடும். பலகையில இருக்கற எண்ணை மட்டும்..." அவன் நாக்கு அடுத்த வார்த்தையின் மேல் தடுக்கியது. "எண்ணைத் தொடவே தொடாதீங்க."

ஊர் தாண்டியதும் சாலை வெள்ளைக் கோடாக நீண்டது. பெரியவர் வானொலி போடவில்லை. 'டக்' என்றால் நிற்கிறது, 'டக்' என்றால் ஓடுகிறது; இரண்டும் ஒரே சத்தம். எது எது என்று தெரியாமல் ஒவ்வொன்றும் நெஞ்சில் குத்தியது. இருபது நிமிஷம். முப்பது. இடது கையை அடிக்கடி டேஷ்போர்டில் தன் பக்கத்து ஏசிக் காற்றுத் துளையில் வைத்துப் பார்த்தார்.

"கையைக் கிளட்ச் மாதிரி வச்சு எடுத்துக்கிட்டே இருக்கீங்க," என்றாள் மகள். "ரோட்டைப் பாருங்க. ஆபரேஷன் ஒருத்தருக்குப் போதும்."

நாற்பது நிமிஷம். நாற்பத்தைந்து. இதுதான் அது புத்தியைக் காட்டும் நேரம். மகள் எதுவும் பேசவில்லை. ஐம்பது. அவள் தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது.

"பாப்பா."

பதில் இல்லை.

கையை நீட்டி அவள் பக்கத்துத் துளையைத் தொட்டார். காற்று இல்லை. ஒரு துளிகூட இல்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரனை அலறவிட, அவர் காரைச் சாலையை விட்டு இறக்கிப் புழுதியில் நிறுத்தினார். பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து தண்ணீரை அப்படியே அவள் தலையில் கவிழ்த்தார்.

"அய்யோ!" மகள் துள்ளி எழுந்தாள். "என்னப்பா! நல்லாத் தூங்கிட்டிருந்தேன்!"

"தூங்கினியா?"

"ஆமா. பின்ன?"

"காத்து வரல. உன் பக்கம் காத்தே வரல!"

அவள் ஈர முகத்தைத் துடைத்துக்கொண்டே துளையைப் பார்த்தாள். பிறகு மடங்கிய விரல்களின் முதுகால் அதன் சிறு கதவைத் தள்ளினாள். பனிக்காற்று இரண்டு பேர் முகத்திலும் அடித்தது.

"நான்தான் மூடினேன். குளிருச்சு."

பெரியவர் அவளையே பார்த்தார். இந்த நாலு வருஷத்தில் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க குறைப்பீங்க," என்றாள் மகள். "நீங்க குறைச்சா அது எங்க போய் நிக்குமோன்னு பயம்."

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கியரைப் போட்டார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் தன் சட்டையும் நனைந்திருப்பதை உணர்ந்தார். அது பாட்டில் தண்ணீர் இல்லை, வேர்வை.

மூன்று நாற்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். அட்மிஷன் மேஜையில் இருந்த பெண் பட்டியலைப் பார்த்து, "வந்துட்டீங்களா, நாலு அடிச்சதும் அடுத்த ஆளைக் கூப்பிட இருந்தேன்," என்று மகள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டாள். நாளைக் காலை முதல் ஆபரேஷன். நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மகள், "கால் நல்லாத்தான் இருக்கு, எங்கப்பாவை வேணா உட்கார வைங்க, அவருக்குத்தான் நடுங்குது," என்று சொல்லிவிட்டுத் தானே நடந்து உள்ளே போனாள்.

பைகளை எடுக்கப் பெரியவர் காருக்குத் திரும்பினார். அப்போது போன் அடித்தது. டிகிரி.

"போய்ச் சேர்ந்தாச்சா? தங்கச்சி எப்படி?"

"சேர்ந்தாச்சு. நாளைக்கு முதல் ஆளு."

"அப்பாடா. ஏசி?"

"ஓடுச்சு."

"நிக்கலையே?"

"நின்னு நின்னு ஓடுச்சு."

"அதான், அதான்! நான் சொன்னேன்ல? அப்ப சரியாயிடுச்சு பெரியவரே."

"ஓடுச்சுன்னு சொன்னேன். சரியாயிடுச்சுன்னு நான் சொல்லல."

"இன்னும் நம்பிக்கை வரலையா? மூணு மணி நேரம் ஓடியிருக்கே!"

"இன்னிக்கு ஓடியிருக்கு. அதுக்கும் தெரியும்ல, இன்னிக்கு நிக்கக் கூடாதுன்னு."

மறுமுனையில் டிகிரி சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டார். பைகளை இறக்கிக் கதவுகளைப் பூட்டினார். நாலு கைப்பிடியையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தபோது அந்தக் கறுப்புப் பலகை எண் எதுவும் காட்டாமல் அணைந்து கிடந்தது. திரும்பி ஊருக்குப் போகும்போதும் மூன்று மணி நேரம் ஓட வேண்டும். அன்றைக்கு அவள் கையில் கட்டு வேறு இருக்கும்.

"பார்க்கறேன், அன்னிக்கு நீ என்ன சொல்றேன்னு," என்று அதனிடம் சொல்லிவிட்டு, இரண்டு கையிலும் பைகளைத் தூக்கிக்கொண்டு வார்டு இருந்த பக்கம் நடந்தார்.